ஊர் ஏன் படத்துக்கு வெளியே போயிற்று?

கணிப்பொறி தானாக வரையும் நிலப்படங்களில் எல்லைக் கோளாறுகளும் அவற்றைக் கண்டறியும் வழியும்

நிலப்படம் வரையும் வேலை இன்று பெரும்பாலும் கணிப்பொறியிடம் போய்விட்டது. ஒரு வட்டத்தில் உள்ள ஒவ்வொரு கிராமத்துக்கும் தனித்தனியே ஒரு படம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரி, வாய்க்கால், சாலை, பள்ளிக்கூடம் எல்லாம் அதில் தெரிய வேண்டும். கையால் வரைந்தால் மாதக்கணக்கில் ஆகும். கணிப்பொறிக்கு ஒருமுறை கட்டளை எழுதிக் கொடுத்துவிட்டால், அது ஓர் இரவுக்குள் எல்லாப் படங்களையும் வரைந்து அடுக்கிவிடும்.

இதற்குப் பயன்படும் முறைக்குப் புவியியல் தகவல் முறை என்று பெயர், சுருக்கமாக ஜி.ஐ.எஸ். என்பர். இதற்கான மென்பொருள்கள் பல உண்டு. அவற்றுள் கியூ.ஜி.ஐ.எஸ். என்பது 2002இல் தொடங்கப்பட்டது. அதை எவரும் விலையின்றிப் பெறலாம். அதிலுள்ள 'அட்லஸ்' என்னும் வசதி, ஒரே தாள் அமைப்பை வைத்துக்கொண்டு ஊருக்கு ஒரு பக்கம் என்று படங்களைத் தள்ளிக்கொண்டே போகும். பைத்தான் மொழியில் கட்டளை எழுதியும் இதே வேலையைச் செய்யலாம்.

ஆனால் காலையில் வந்து பார்த்தால் சில படங்கள் வெறுந்தாளாக இருக்கும். சிலவற்றில் ஊரின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். சிலவற்றில் ஊர் ஒரு கடுகளவு புள்ளியாகச் சுருங்கியிருக்கும். இன்னும் சிலவற்றில் தலைப்பில் ஓர் ஊரின் பெயரும் படத்தில் வேறோர் ஊரும் இருக்கும். இவை எல்லாம் பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறக்கும் கோளாறுகள். அந்த இடம் எது? கோளாற்றைக் கண்டுபிடிப்பது எப்படி? விழுப்புரம் மாவட்டத்தின் கண்டாச்சிபுரம் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம்.

கட்டமும் சட்டமும்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். நிலத்தின் மீது நாம் கற்பனையாக வரையும் செவ்வகத்தை 'எல்லைக் கட்டம்' என்று அழைப்போம். அதை நான்கே எண்களால் சொல்லிவிடலாம்: மேற்கு ஓரம், தெற்கு ஓரம், கிழக்கு ஓரம், வடக்கு ஓரம். தாளின் மீது படத்துக்கென்று ஒதுக்கும் செவ்வகத்தைப் 'படச் சட்டம்' என்று அழைப்போம். கட்டம் கிலோமீட்டரில் இருக்கும். சட்டம் மில்லிமீட்டரில் இருக்கும். இரண்டையும் இணைப்பது அளவுத்திட்டம்.

கணக்குக்காக ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். மேற்கு 3,10,000 மீட்டர். கிழக்கு 3,16,000 மீட்டர். தெற்கு 13,30,000 மீட்டர். வடக்கு 13,34,000 மீட்டர். (இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பின்னால் காண்போம்.) கட்டத்தின் அகலம் 6 கி.மீ.; உயரம் 4 கி.மீ. படச் சட்டம் 240 மி.மீ. அகலமும் 180 மி.மீ. உயரமும் உடையது என்க.

அகலத்தைப் பொருத்தினால்: 60,00,000 மி.மீ. ÷ 240 = 25,000. அதாவது அளவுத்திட்டம் 1 : 25,000.
உயரத்தைப் பொருத்தினால்: 40,00,000 மி.மீ. ÷ 180 = 22,222. அதாவது 1 : 22,222.

இரண்டு விடைகள் வந்துவிட்டன! எதைக் கொள்வது? கட்டத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 3 : 2. சட்டத்தின் விகிதம் 4 : 3. விகிதங்கள் வேறுபடும்போது இந்தச் சிக்கல் வந்தே தீரும்.

25,000ஐக் கொண்டால், உயரத்தில் 180 × 25,000 = 45,00,000 மி.மீ., அதாவது 4.5 கி.மீ. தெரியும். வேண்டியது 4 கி.மீ. தான், மேலும் கீழும் கால் கிலோமீட்டர் கூடுதலாக வருகிறது. இதனால் நட்டமில்லை.

22,222ஐக் கொண்டால், அகலத்தில் 240 × 22,222 = ஏறத்தாழ 5.33 கி.மீ. மட்டுமே தெரியும். இடப்புறம் 333 மீட்டர், வலப்புறம் 333 மீட்டர் வெட்டுப்பட்டுப் போகும். ஓர் ஏரிக்கரையோ ஒரு தெருவோ அந்த 333 மீட்டருக்குள் இருந்தால் அது படத்தில் இல்லாமலே போய்விடும்.

எனவே விதி இதுதான்: இரண்டு விடைகளில் பெரிய எண்ணையே கொள்ள வேண்டும். அதோடு ஓரத்தில் சற்று இடம் விட்டு, எண்ணை மேல்நோக்கி முழுமையாக்கிக்கொள்வது நல்லது. 10 விழுக்காடு கூட்டினால் 27,500. அதை 30,000 ஆக்கினால் சட்டத்துக்குள் 7.2 கி.மீ. அகலமும் 5.4 கி.மீ. உயரமும் அடங்கும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அது தவறான வழி. கணிப்பொறி இரண்டையும் வலிந்து பொருத்தி, அகலத்தில் ஓர் அளவும் உயரத்தில் வேறோர் அளவும் வைத்துவிடலாம். அப்போது 400 மீட்டர் விட்டமுள்ள வட்டமான ஒரு குளம், படத்தில் 16 மி.மீ. அகலமும் 18 மி.மீ. உயரமுமாக முட்டை வடிவில் தெரியும். அந்தப் படத்தில் அடிக்கோல் வைத்துத் தூரம் அளக்கவே முடியாது.

கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளில் இதற்கு இரு கட்டளைகள் உள்ளன. 'செட் எக்ஸ்டென்ட்' என்பது நாம் சொன்ன கட்டம் அப்படியே பொருந்த வேண்டும் என்பதற்காகச் சட்டத்தின் அகலத்தையோ உயரத்தையோ மாற்றிவிடும். 'ஜூம் டு எக்ஸ்டென்ட்' என்பது சட்டத்தைத் தொடாமல், கட்டம் முழுவதும் தெரியும்படி ஓரங்களில் கூடுதல் இடம் சேர்த்துக்கொள்ளும். முதல் கட்டளையைக் கொடுத்துவிட்டு, "தாளில் படம் ஏன் விளக்கக் குறிப்பின் மேல் ஏறிக்கொண்டது?" என்று திகைப்பவர் பலர். எந்தக் கட்டளை எதை மாற்றும், எதை மாற்றாது என்று தெரிந்துகொண்டால் இந்தத் திகைப்பு இல்லை.

குறை 1: அலகு மாறிப் போதல்

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண் கிடையாது. நிலப்படத்துக்கும் அதே சட்டம்தான்.

கண்டாச்சிபுரம் விழுப்புரத்துக்கு வடமேற்கே உள்ளது. உத்தேசமாக அதன் அட்சரேகை வடக்கு 12.05 பாகை, தீர்க்கரேகை கிழக்கு 79.3 பாகை. இது உருண்டையான பூமியின் மீது கோணத்தால் இடத்தைச் சொல்லும் முறை. தாள் தட்டையானது அல்லவா? ஆகவே உருண்டையைத் தட்டையாக்கி, மீட்டரில் இடத்தைச் சொல்லும் முறைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று யு.டி.எம். என்பது. அது உலகத்தை 6 பாகை அகலமுள்ள 60 பட்டைகளாகப் பிரிக்கிறது. 78 பாகைக்கும் 84 பாகைக்கும் இடைப்பட்டது 44ஆம் பட்டை. அதன் நடுக்கோடு 81 பாகை. அந்தக் கோட்டுக்குக் கிழக்கு மதிப்பு 5,00,000 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். வடக்கு மதிப்பைப் பூமத்திய ரேகையிலிருந்து எண்ணுகிறார்கள். இம்முறையில் கண்டாச்சிபுரம் கிழக்கே ஏறத்தாழ 3,15,000 மீட்டரிலும் வடக்கே ஏறத்தாழ 13,32,000 மீட்டரிலும் வரும். முன்பு நாம் எடுத்த கட்டத்தின் எண்கள் இப்படி வந்தவைதாம்.

இப்போது ஒரு தவறு நடக்கிறது என்க. ஊரின் எல்லை பாகையில் உள்ளது. படமோ மீட்டர் முறையில் அமைக்கப்பட்டுள்ளது. கணிப்பொறி 79.3, 12.05 என்ற எண்களை மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. கிழக்கு மதிப்பு 79.3 மீட்டர் என்றால், 81 பாகை நடுக்கோட்டுக்கு மேற்கே ஏறத்தாழ 500 கி.மீ. வடக்கு மதிப்பு 12 மீட்டர் என்றால், பூமத்திய ரேகையை ஒட்டி. அந்த இடம் ஏறத்தாழ 76.5 பாகைத் தீர்க்கரேகையில், இந்துமாக்கடலின் நடுவில் உள்ளது. அங்கே ஊரும் இல்லை, ஏரியும் இல்லை. தாள் வெறுமையாக வருகிறது. கணிப்பொறி 'பிழை' என்று சொல்வதுமில்லை. கேட்ட இடத்தைத்தான் அது காட்டியது!

அறிகுறி: வெறுந்தாள். சோதனை: நான்கு எண்களையும் அச்சிட்டுப் பாருங்கள். 180க்கு உட்பட்ட எண்கள் என்றால் பெரும்பாலும் பாகை. இலட்சக் கணக்கில் இருந்தால் மீட்டர்.

குறை 2: வரிசை மாறிப் போதல்

அட்சரேகையை முதலில் சொல்வது நம் வழக்கம். பல மென்பொருள்கள் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். இடம் மாற்றிக் கொடுத்தால் கண்டாச்சிபுரம் எங்கே போகும் தெரியுமா? வடக்கு 79.3 பாகை, கிழக்கு 12.05 பாகை. அது வட துருவத்தை நெருங்கிய ஸ்வால்பார்ட் தீவுப் பகுதி. நார்வே நாட்டைச் சேர்ந்தது. இந்தியா 2008இல் தொடங்கிய ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அந்தத் தீவுக்கூட்டத்தில்தான், அந்த இடத்துக்குத் தெற்கே சில பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இரண்டு எண்கள் இடம் மாறியதால் தென்னாற்காட்டுச் செம்மண் பூமி பனிப்பாறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது!

நான்கு எண்களின் வரிசையிலும் இதே ஆபத்து உண்டு. சில கருவிகள் மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு என்ற வரிசையில் கேட்கும். கியூ.ஜி.ஐ.எஸ். கருவிப்பெட்டி மேற்கு, கிழக்கு, தெற்கு, வடக்கு என்ற வரிசையில் கேட்கும். நமது கட்டத்தை இரண்டாவது வரிசையில் எழுதி, முதல் வரிசையில் படித்தால் என்ன ஆகும்? மேற்கு 3,10,000, தெற்கு 3,16,000, கிழக்கு 13,30,000, வடக்கு 13,34,000. அகலம் 1,020 கி.மீ.; உயரம் 1,018 கி.மீ. இலங்கைத் தீவு முழுவதும் படத்துக்குள் வந்துவிடும். நம் ஊரோ இடது மேல் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுப் புள்ளியாக ஒதுங்கி நிற்கும்.

அறிகுறி: ஊர் புள்ளியாகச் சுருங்குதல், அல்லது உலகின் வேறு மூலை தெரிதல். சோதனை: கிழக்கிலிருந்து மேற்கையும், வடக்கிலிருந்து தெற்கையும் கழித்துப் பாருங்கள். ஒரு கிராமத்துக்கு 1,000 கி.மீ. என்று விடை வந்தால் வரிசையில் குற்றம்.

குறை 3: ஒரு புள்ளி செய்யும் கேடு

கணிப்பொறி எல்லைக் கட்டத்தைக் கணக்கிடும் முறை எளியது. எல்லாப் புள்ளிகளிலும் மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிகமான எண்ணையும் எடுத்துக்கொள்ளும். சராசரியில் ஒரு தவறான அளவீடு மற்ற அளவீடுகளோடு கலந்து கொஞ்சம் நீர்த்துவிடும். இங்கே அப்படி இல்லை. ஒரே ஒரு தவறான புள்ளி கட்டம் முழுவதையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஏரிகளின் பட்டியலில் ஓர் ஏரிக்கு மட்டும் இடம் குறிக்க விட்டுப்போயிற்று என்க. பல நிரல்கள் அந்த வெற்றிடத்தை 0, 0 என்று நிரப்பிவிடும். 0 பாகை, 0 பாகை என்பது மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய கினி வளைகுடாவில் உள்ள இடம். இப்போது கட்டம் அங்கிருந்து கண்டாச்சிபுரம் வரை நீளும். ஏறத்தாழ 8,800 கி.மீ. அகலம்! அதை 240 மி.மீ. சட்டத்தில் அடைத்தால், 30 கி.மீ. அகலமுள்ள ஒரு பகுதி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகிவிடும்.

பழைய எல்லைக் கோப்பைப் பயன்படுத்தினாலும் கட்டம் பெருத்துவிடும். விழுப்புரம் மாவட்டம் 1993இல் தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2019 நவம்பர் 26 முதல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. பழைய மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 7,200 சதுர கி.மீ.; இன்றைய விழுப்புரம் அதில் ஏறத்தாழப் பாதிதான். திருக்கோவிலூர் கள்ளக்குறிச்சியோடு சேர்ந்தது; கண்டாச்சிபுரம் விழுப்புரத்தில் நின்றது. 2019க்கு முந்திய எல்லையை வைத்துக் கட்டம் கணக்கிட்டால், இன்று வேறு மாவட்டமாக உள்ள மலைப்பகுதிகளும் படத்துக்குள் வரும். நமக்கு வேண்டிய ஊர்கள் கிழக்குப் பக்கமாக ஒதுங்கும்.

குறை 4: முந்தைய ஊரின் கட்டம் ஒட்டிக்கொள்ளுதல்

தலைப்பு சரி, படம் வேறு ஊருடையது. இது ஏன்? நிரல் ஒவ்வோர் ஊருக்கும் மூன்று வேலைகளைச் செய்கிறது: கட்டத்தை மாற்றுதல், படத்தை மீண்டும் வரைதல், கோப்பாகச் சேமித்தல். படம் வரைந்து முடியுமுன் சேமித்துவிட்டால் பாதிப் படமோ முந்தைய ஊரின் படமோ கோப்பில் ஏறும். கரும்பலகையில் ஆசிரியர் அடுத்த கணக்கை எழுதி முடிக்குமுன் குறிப்பேட்டை மூடிவிட்ட மாணவனைப் போன்றது இது.

இன்னொரு காரணமும் உண்டு. ஓர் ஊரை மட்டும் தெரிந்தெடுத்துவிட்டு, "இந்த அடுக்கின் எல்லை என்ன?" என்று கேட்டால், சில சமயம் தெரிந்தெடுத்த ஊரின் எல்லைக்குப் பதிலாக அடுக்கு முழுவதின் எல்லையே விடையாக வரும். அப்போது எல்லாப் படங்களும் ஒன்றுபோல இருக்கும். அடுக்கின் எல்லையைக் கேட்காமல், அந்த ஒரே ஊரின் வடிவத்தின் எல்லையைக் கேட்க வேண்டும்.

இக்குறையைப் பிடிக்க ஓர் அழகான சோதனை உண்டு. ஊர்களின் வரிசையைத் தலைகீழாக்கி நிரலை மறுபடி ஓட்டுங்கள். அதே ஊரில் அதே குறை மீண்டும் வந்தால், குறை அந்த ஊரின் தரவில் உள்ளது. குறை வேறு ஊருக்கு இடம் மாறினால், அது நிரலின் வேகத்தில் அல்லது வரிசையில் உள்ளது. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துச் சோதிப்பது. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்வதும் இதுதானே!

குறை 5: மூலைகள் தேய்ந்து போதல்

இது நுட்பமான குறை. பாகையில் உள்ள செவ்வகத்தை மீட்டர் முறைக்கு மாற்றும்போது அது செவ்வகமாக இராது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிக் குவிகின்றன அல்லவா? யு.டி.எம். தாளில் நடுக்கோடு மட்டுமே நேர் செங்குத்தாக நிற்கும். 81 பாகைக்கு மேற்கே 1.7 பாகை தள்ளியுள்ள கண்டாச்சிபுரத்தில் தீர்க்கரேகை சற்றுச் சாய்ந்திருக்கும். சாய்வு எவ்வளவு? 1.7 பாகையை, 12.05 பாகையின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும்: 1.7 × 0.209 = ஏறத்தாழ 0.355 பாகை.

இவ்வளவுதானே என்று எண்ணாதீர்கள். 30 கி.மீ. அகலமுள்ள கட்டத்தில் இந்தச் சாய்வு ஒரு முனையை மற்ற முனையைவிட ஏறத்தாழ 186 மீட்டர் உயர்த்திவிடும். தென்மேற்கு மூலையையும் வடகிழக்கு மூலையையும் மட்டும் மாற்றிக் கட்டம் அமைத்தால், தென்கிழக்கு மூலையிலும் வடமேற்கு மூலையிலும் ஓர் ஆப்பு வடிவத் துண்டு வெளியே நின்றுவிடும். பரிகாரம் எளிது: நான்கு ஓரங்களிலும் பல புள்ளிகளை எடுத்து, எல்லாவற்றையும் மாற்றி, அவற்றில் சிறியதையும் பெரியதையும் கொள்ள வேண்டும்.

பாகையையே அப்படியே தாளில் வரைந்தால் என்ன? 12 பாகை அட்சரேகையில் ஒரு பாகை கிழக்கு மேற்காக ஏறத்தாழ 108.9 கி.மீ.; வடக்கு தெற்காக ஏறத்தாழ 110.6 கி.மீ. வேறுபாடு ஒன்றரை விழுக்காடு. நமக்கு இது சிறியது. ஆனால் 34 பாகையில் உள்ள காஷ்மீரத்தில் கிழக்கு மேற்குப் பாகை ஏறத்தாழ 92 கி.மீ. ஆகக் குறைந்துவிடும். இங்கே கண்ணுக்குத் தெரியாத குறை அங்கே பூதாகாரமாகும்.

குறை 6: புள்ளிக் கணக்கு

கணிப்பொறிப் படம் பிக்சல் எனப்படும் சிறு புள்ளிகளால் ஆனது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வைப்பது வழக்கம். திரைக்கு 96 என்று கொள்வர். 240 மி.மீ. அகலத்துக்கு 300 வீதம் 2,835 புள்ளிகள் வரும். 1 : 30,000 அளவில் ஒரு புள்ளி நிலத்தில் 2.54 மீட்டரைக் குறிக்கும். 96 வீதம் என்றால் ஒரு புள்ளி ஏறத்தாழ 7.94 மீட்டர்.

நிரலின் ஒரு பகுதி 96 என்றும் மற்றொரு பகுதி 300 என்றும் நினைத்தால்? 2,835 புள்ளிகளும் புள்ளிக்கு 7.94 மீட்டர் வீதம் நிலத்தைத் தழுவும். 7.2 கி.மீ.க்குப் பதில் 22.5 கி.மீ. தெரியும். படம் 3.125 மடங்கு பரந்துவிட்டது என்று கண்டால், 300 ÷ 96 = 3.125 என்பது உங்கள் நினைவுக்கு வர வேண்டும். இப்படி விகிதத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்.

படத்தோடு கூடவே, அது நிலத்தில் எங்கே பொருந்தும் என்று கூறும் ஆறு வரிக் குறிப்புக் கோப்பு ஒன்றும் வருவதுண்டு. அதில் உள்ளது இடது மேல் புள்ளியின் மையம்; அதன் மூலை அன்று. மூலை என்று எண்ணிப் பொருத்தினால் படம் அரைப்புள்ளி, அதாவது 1.27 மீட்டர் நகர்ந்துவிடும். வெர்னியர் அளவியில் சுழிப்பிழை என்று படித்திருப்பீர்கள். இது அதன் உறவினன்.

தாளின் ஓரத்தில் விழும் ஊர்கள்

தானியங்கி முறைக்கு முன்பும் ஓரச் சிக்கல் இருந்தது. இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள் வரிசையில் 12 பாகை அட்சரேகை ஒரு வெட்டுக் கோடு. அதற்கு வடக்கே உள்ள திண்டிவனம் 57 பி என்ற தாள் தொகுதியில் வரும். தெற்கே உள்ள விழுப்புரம் நகரம் 58 எம் தொகுதியில் வரும். கண்டாச்சிபுரம் வட்டாரம் இந்தக் கோட்டை ஒட்டியே உள்ளது. ஏரி வடக்குத் தாளில், அது பாயும் வயல் தெற்குத் தாளில் என்று அமைவது இங்கே இயல்பு. தாள் வாரியாகப் படம் வெட்டும் நிரல், நீரையும் நிலத்தையும் பிரித்துவிடும். எனவே தாள்களை முதலில் ஒட்டி, பிறகு ஊர்வாரியாக வெட்ட வேண்டும்.

சரிபார்க்கும் பழக்கமும் பழையதே. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னை பரங்கிமலையருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து தம் முக்கோண அளவையைத் தொடங்கினார். முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டுச் சென்றவர், அதோடு நின்றுவிடவில்லை. பெங்களூர் அருகே 1804இல் இன்னொரு கோட்டை நேரடியாகவும் அளந்து, கணக்கோடு ஒத்துப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி விட்டுவிடாமல் நிலத்தைக் கேட்டார். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

குறை தேடும் வழி

1. நூறு ஊர்களை ஓட்டாதீர்கள். முதலில் ஓர் ஊர் மட்டும்.
2. நான்கு எண்களையும் அலகோடு அச்சிடுங்கள்.
3. அகலம், உயரம் இரண்டையும் கழித்துக் காணுங்கள். இரண்டும் நேர் எண்களா? ஒரு கிராமத்துக்குத் தகுந்த அளவா?
4. கட்டத்தின் விகிதத்தையும் சட்டத்தின் விகிதத்தையும் ஒப்பிடுங்கள்.
5. கேட்ட கட்டத்தைப் படத்தின் மீதே சிவப்புக் கோட்டால் வரையச் சொல்லுங்கள். நான்கு சிவப்புப் பக்கங்களும் சட்டத்துக்குள் தெரிந்தால் படம் பிழைத்தது. ஒரு பக்கம் காணாமற்போனால் அந்தப் பக்கம் வெட்டு.
6. வெளிவந்த படத்தைத் திறந்து, உங்களுக்குத் தெரிந்த ஒரு தூரத்தை அளந்து பாருங்கள்.
7. இவ்வளவும் சரியானபின் ஐந்து ஊர்கள். பிறகு எல்லா ஊர்களும். மிகச் சிறிய ஊர், மிக நீண்ட ஊர், எல்லையோர ஊர் மூன்றும் அந்த ஐந்தில் இருக்கட்டும்.

ஐந்தாம் சோதனையைக் கணிப்பொறியே செய்யும்படியும் எழுதலாம்: 'கிடைத்த கட்டம் கேட்ட கட்டத்தை முழுவதும் உள்ளடக்காவிட்டால் கோப்பைச் சேமிக்காதே, ஊரின் பெயரைத் தனிப் பட்டியலில் எழுது' என்று ஒரு கட்டளை போதும். தவறான படத்தைவிட, "இந்த ஊருக்குப் படம் வரவில்லை" என்ற ஒரு வரி மேலானது.

இவ்வளவு கவலை எதற்கு?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த நீரால் தென்பெண்ணையாறு பெருக்கெடுத்து, விழுப்புரம் மாவட்டத்தின் ஊர்கள் பல வெள்ளத்தில் மூழ்கின. அரசூரில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலை மீதே வெள்ளம் பாய்ந்தது.

அத்தகைய இரவில் ஓர் அலுவலர் கையில் ஓர் ஊரின் படம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஊருக்கு மேற்கே உள்ள ஏரி அந்தப் படத்தில் இல்லை. இல்லாதது ஏரியா, படத்தின் ஓரமா என்று அவருக்குத் தெரியாது. வெறுந்தாளாக வந்த படத்தை எவரும் நம்பமாட்டார். அது கெடுதல் செய்யாது. சுத்தமாக, அழகாக, 333 மீட்டர் மட்டும் குறைந்து வந்த படமே ஆபத்தானது. அதை எல்லாரும் நம்புவர். நம் ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பினால் கீழ் ஏரிக்கு நீர் வரும். ஆகவே வெள்ளத்துக்கான படத்தின் கட்டத்தை ஊர் எல்லையோடு நிறுத்தாமல், அதற்கு நீர் வரும் மேல் ஏரி வரை விரிக்க வேண்டும். எவ்வளவு விரிப்பது என்பதைக் கணிப்பொறி சொல்லாது. நிலத்தை அறிந்தவர்தாம் சொல்ல வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரு தடித்த அட்டையில் 12 செ.மீ. × 9 செ.மீ. அளவுள்ள சன்னல் வெட்டுங்கள். உங்கள் பள்ளி நிலப்பட நூலில் விழுப்புரம் மாவட்டப் படத்தின் மீது அதை வையுங்கள். மாவட்டம் முழுவதும் சன்னலுக்குள் அடங்குகிறதா? அடங்காவிட்டால் படத்தை எத்தனை மடங்கு சுருக்க வேண்டும்? அகலத்தை வைத்து ஒரு முறையும், உயரத்தை வைத்து ஒரு முறையும் கணக்கிடுங்கள். எதைக் கொள்வீர்கள்?

சிந்தித்து விடை கூறுங்கள்

1. ஓர் ஊரின் கட்டம் 3 கி.மீ. அகலம், 5 கி.மீ. உயரம். சட்டம் 200 மி.மீ. × 200 மி.மீ. ஊர் முழுவதும் தெரிய அளவுத்திட்டம் என்ன? பக்கவாட்டில் எவ்வளவு கூடுதலாகத் தெரியும்?

2. 100 படங்களில் 37ஆவது படம் மட்டும் வெறுமை. வரிசையைத் தலைகீழாக்கினால் 64ஆவது படம் வெறுமை. குறை எங்கே?

3. படத்தில் ஒரு புள்ளி 2.54 மீட்டர். 10 மீட்டர் அகலமுள்ள வாய்க்கால் எத்தனை புள்ளி அகலத்தில் தெரியும்?

விடைகள்: (1) 1 : 25,000, இடமும் வலமும் 1 கி.மீ. வீதம் 2 கி.மீ. கூடுதல். (2) தலைகீழ் வரிசையில் 37ஆவது ஊரே 64ஆவதாக வரும். எனவே குறை அந்த ஊரின் தரவில் உள்ளது. (3) ஏறத்தாழ 4 புள்ளிகள்.